மேய்ச்சல் கிடாக்குட்டிக்கு எடை ஏற்றுவது: தீவன மூட்டை கடைசிப் படி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம் பக்கம் புதிதாக ஆடு வளர்க்க வருகிறவர்கள் முதலில் வாங்குவது தீவன மூட்டை. குட்டி இளைத்திருக்கிறது, தீனி போட்டால் ஏறிவிடும் என்று நினைக்கிறார்கள். மூன்று மாதம் போட்டபின் காசு போயிருக்கும், குட்டி அப்படியே இருக்கும். சில பட்டியில் குட்டியே இருக்காது. தீவனத்தில் தப்பில்லை, அது வந்த வரிசைதான் தப்பு. எடை, குடற்புழு, தடுப்பூசி, மேய்ச்சல், தாது உப்பு இவை எல்லாம் முடிந்த பிறகுதான் தீவனம் வர வேண்டும்.

பால் மறந்த, மூன்று நான்கு மாதமான, பகலில் கரட்டிலும் ஏரி உள்வாயிலும் மேய்ந்து இரவில் பட்டிக்கு வரும் நாட்டு வெள்ளாட்டுக் கிடாக்களை வைத்து இதை எழுதுகிறேன். செம்மறிக்கு வேறுபடும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். முதல் எடை பார்ப்பதிலிருந்து விற்பனை வரை நாலரை மாதம் கணக்கு வையுங்கள்; பக்ரீத்துக்கு என்றால் ஒரு வயது நிறையும்வரை.

1. யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

காயடிப்பதா வேண்டாமா என்பது இதில்தான் தொங்குகிறது. அடித்துவிட்டால் திரும்ப வராது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் பக்ரீத்துக்கு வாங்குகிறவர்கள் பல்லைத் திறந்து பார்ப்பார்கள். வெள்ளாடு ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும், கண், கால், காது, கொம்பு எதிலும் ஊனம் கூடாது. காயடித்த கிடாவைப் பலர் ஏற்பார்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். வழக்கமாக வாங்குகிறவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். அம்மன் கோயில் நேர்த்திக்கடனுக்கு விடுகிற கிடா என்றால் காயடிக்கவே கூடாது. கறிக்கடைக்குத்தான் என்றால் இரண்டும் போகும்.

பக்ரீத் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் குட்டி எடுக்க வேண்டும். பண்டிகைக்கு ஒரு மாதம் இருக்கும்போது மூன்று மாதக் குட்டியை வாங்கி வந்து "எப்படியாவது ஏத்திடலாம்ணே" என்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் வழி இல்லை.

2. காதில் வைக்கும் ஹார்மோன் உருண்டை பற்றி

வீடியோவில் பார்த்துவிட்டு அடிக்கடி கேட்கிறார்கள். அமெரிக்காவில் புல்வெளியில் மேயும் கறி மாடுகளுக்குக் காதின் பின்புறம், நடுப்பகுதியில், தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் ஒரு சிறு உருண்டையை ஊசித் துப்பாக்கியால் வைப்பார்கள். அதில் ஈஸ்ட்ரடையால், ஜெரனால், டிரென்போலோன் போன்ற ஹார்மோன் இருக்கும். மாதக்கணக்கில் மெதுவாகக் கசிந்து சதை வளர்ச்சியைத் தூண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1980-களிலேயே இதைத் தடை செய்துவிட்டது.

இதிலிருந்து நமக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். அங்கே பெரும்பாலும் அதை வைப்பது காயடித்த காளைக்கு. விதை போனதால் குறைந்த ஹார்மோனில் ஒரு பங்கை உருண்டை ஈடு செய்கிறது. காயடிக்காத கிடாவுக்கு அந்தத் தூண்டுதல் உடம்பிலேயே இருக்கிறது. அதே தீனியில் காயடித்ததைவிடக் காயடிக்காதது வேகமாக வளர்வதற்கும் இதுதான் காரணம்.

இரண்டாவது, புல் நன்றாக இருக்கும் நிலத்தில்தான் உருண்டை வேலை செய்யும். காய்ந்த மேய்ச்சலில் மாடு ஏற்கனவே எடை ஏறாமல் நிற்கும்போது அது பெரிதாக ஒன்றும் செய்யாது. வயிற்றுக்குள் போகாததை எந்த மருந்தும் சதையாக மாற்றாது.

ஆகவே அதைத் தேடிப் போக வேண்டாம். அதைவிட முக்கியம், சந்தையில் "சதை ஏத்துற ஊசி" என்று யாராவது நீட்டினால் தொடவே தொடாதீர்கள். பல சமயம் அது ஸ்டீராய்டு. உடம்பில் நீர் கோத்து ஒரு வாரம் கொழுகொழுவென்று தெரியும், உள்ளே நோய் எதிர்ப்பு இறங்கிவிடும். அந்தக் கறியை யாரோ ஒருவர் வீட்டுக் குழந்தை சாப்பிடப் போகிறது.

3. காயடிப்பதாக இருந்தால்

அரசு கால்நடை மருந்தகத்தில், மருத்துவர் கையால், மரத்துப்போக ஊசி போட்டு, பர்டிசோ என்னும் நசுக்கும் கருவியால் செய்யுங்கள். பிளேடு, ரப்பர், கல் எதுவும் வேண்டாம். விதைக்குப் போகும் நாளத்தை இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை என்று தனித்தனியாக நசுக்குவார்கள். இரண்டு தழும்பும் ஒரே கோட்டில் சேரக் கூடாது. சேர்ந்தால் விதைப்பைக்கு ரத்தம் போவது நின்று அழுகிவிடும். டெட்டனஸ் ஊசியையும் கேட்டு வாங்குங்கள்.

பிறந்த சில வாரத்திலேயே அடிக்காதீர்கள். மூத்திரக் குழாய் விரியாமல் நின்றுவிடும். அதன் விளைவு 9-ஆம் பகுதியில் வருகிறது.

காயடிக்காமல் வளர்த்தால் ஐந்தாம் மாதத்துக்குள் பெண் குட்டிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஏறுவதிலும் முட்டுவதிலும் தின்றதெல்லாம் கரைந்துவிடும், சிறிய பெட்டைகள் சினையாகியும் விடும்.

4. எடை போடுங்கள், கண்ணால் மதிக்காதீர்கள்

டிஜிட்டல் கொக்கித் தராசு ஒன்று, ஒரு சாக்கு, கழுத்தில் கட்ட எண் வில்லை, ஒரு நோட்டு. இவ்வளவுதான். சாக்கில் நாலு ஓட்டை போட்டுக் கால்களை அதில் விட்டுத் தூக்கினால் குட்டி திமிறாது. காலையில் மேய்ச்சலுக்கு விடும் முன், வெறும் வயிற்றில் போடுங்கள். மாலையில் போட்டால் வயிற்றில் இருக்கும் தழையும் தண்ணீரும் சேர்ந்து கிலோக்கணக்கில் ஏமாற்றும்.

பண்டிகைக்கு விற்கும் கிடாவுக்குக் காதை வெட்டி அடையாளம் வைக்காதீர்கள். வாங்குகிறவர் அதை ஊனமாகப் பார்ப்பார். கழுத்து வில்லை போதும்.

தராசு இல்லையா, தையல்காரர் டேப் எடுங்கள். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து இடுப்பெலும்பு முனை வரை நீளம், இரண்டையும் சென்டிமீட்டரில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 60, நீளம் 55 என்றால் சுமார் 18 கிலோ.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை போட்டு எழுதுங்கள். மேய்ச்சல் மட்டும் என்றால் நம் நாட்டுக் குட்டி நாளுக்கு 30 முதல் 50 கிராம் ஏறும். அதற்கும் கீழே நின்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது புழு.

5. குடற்புழு: அதிகம் தடுமாறுவது இங்கேதான்

மருந்து கொடுக்கும் முன் புழுக்கையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஐந்தாறு குட்டியிடம் புதிதாகப் போட்ட புழுக்கையைத் தனித்தனியாகச் சின்னப் பிளாஸ்டிக் பையில் எடுத்து, அன்றே மருந்தகத்தில் கொடுத்தால் எந்தப் புழு என்று பார்த்துச் சொல்வார்கள். உருண்டைப்புழுவுக்கு ஒரு மருந்து, தட்டைப்புழுவுக்கு வேறு மருந்து. ஏரி ஓரம், நத்தை இருக்கும் சேற்றில் மேய்ந்தவற்றுக்குக் கல்லீரல் தட்டைப்புழு வரும். அதற்கு வழக்கமான மருந்தைக் கொடுத்துவிட்டு "மருந்து கொடுத்தும் தாடை வீங்குதே" என்றால் மருந்தின் குற்றம் இல்லை.

நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. குட்டியை நல்ல பகல் வெளிச்சத்தில் முழங்கால்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டைவிரலால் மேல் இமையை மெதுவாக அழுத்தி, மறு கட்டைவிரலால் கீழ் இமையை இறக்குங்கள். உள்தோல் ஒரு நொடி வெளியே பிதுங்கும். நல்ல சிவப்பாக இருந்தால் பரவாயில்லை. வெளிர் ரோஜா நிறம் என்றால் மருந்து தேவை. வெள்ளைக் காகிதம்போல இருந்தால் ரத்தம் உறிஞ்சும் புழு குட்டியைக் குடித்துக்கொண்டிருக்கிறது, அன்றே மருத்துவரிடம் போங்கள். டார்ச் அடித்துப் பார்க்காதீர்கள், நிறம் மாறித் தெரியும்.

அளவில் நடக்கும் தப்பு இது. மருத்துவர் அல்பென்டசோல் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்று எழுதித் தருகிறார், பாட்டில் 2.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லியில் 25 மில்லிகிராம் இருக்கும். 15 கிலோ குட்டிக்கு 6 மில்லி வேண்டும். கண்ணால் பார்த்து 10 கிலோ என்று மதித்து 4 மில்லி ஊற்றினால் பலவீனமான புழு சாகும், வலுத்த புழு பிழைக்கும், அதன் முட்டைதான் உங்கள் மேய்ச்சல் நிலம் முழுக்கப் பரவும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் அந்த மருந்து உங்கள் பட்டியில் எடுபடாது. எடை போடுவதை இதற்கு முன் படியாக வைத்ததன் காரணம் இதுதான். மருந்தின் வீரியம் பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், அட்டையைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

புகட்டும்போது தலையை வானம் பார்க்கத் தூக்காதீர்கள். மூக்கு கண் மட்டத்தைத் தாண்டக் கூடாது. ஊசி கழற்றிய சிரிஞ்சைக் கடைவாய் ஓரமாக விட்டு, நாக்கின் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். இருமினால் உடனே தலையை இறக்குங்கள். நுரையீரலுக்குள் போன மருந்து இரண்டு நாளில் சளிக் காய்ச்சலாகி குட்டியைக் கொண்டுபோய்விடும். பெரிய பட்டிகளில் மருந்து கொடுத்த மறுநாள் ஒன்றிரண்டு சாவதற்கு அவசரமான கைதான் பெரும்பாலும் காரணம்.

பத்துப் பதினான்கு நாள் கழித்து அதே குட்டிகளின் புழுக்கையை மறுபடி கொடுங்கள். முட்டை எண்ணிக்கை அடியோடு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மருந்து வகையை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

6. தடுப்பூசி: தீவனத்துக்குக் குறைந்தது ஐந்து வாரம் முன்னால்

புழு மருந்து கொடுத்து ஒரு வாரம், பத்து நாள் கழித்துத் தடுப்பூசி. புழுச்சுமையோடு இருக்கும் உடம்பு ஊசிக்குச் சரியாக எதிர்ப்புச் சக்தி உண்டாக்காது.

எடை ஏற்றும் வேலைக்கு மிக முக்கியமானது துள்ளுமாரி நோய்க்கான ஊசி. அந்த நோயின் கிருமி ஆட்டின் குடலில் சாதாரணமாகவே இருப்பதுதான். திடீரென்று மாவுச்சத்து அதிகம் வந்தால் ஒரே இரவில் பெருகி நஞ்சைக் கக்கும். நன்றாகத் தின்று நன்றாக இருந்த குட்டி, கூட்டத்திலேயே கொழுத்த குட்டி, காலையில் கால் உதைத்துச் செத்துக் கிடக்கும். யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டோடு சண்டை வரும். ஊசி போடாமல் தீவனம் ஆரம்பித்ததுதான் காரணமாக இருக்கும்.

முன்பு போடாத குட்டிக்கு இரண்டு மூன்று வாரத்தில் மறு ஊசி உண்டு. பலர் முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். மறு ஊசிக்குப் பின் இன்னும் இரண்டு வாரம் விட்டுத்தான் தீவனம்.

ஆட்டுக்கொல்லி நோய்க்கு நாலு மாதத்துக்கு மேல் ஊசி போடலாம், மூன்று ஆண்டு தாங்கும். கோமாரிக்கும், செம்மறி என்றால் அம்மைக்கும் மருத்துவரைக் கேட்டு வரிசை வையுங்கள். ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கும் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நமக்கு ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மருந்து ஐஸ் பெட்டியில் வந்தால்தான் மருந்து. சட்டைப் பையில் வெயிலில் வந்த ஊசி வெறும் தண்ணீர்தான்.

சந்தையில் வாங்கிய குட்டிகளை 21 நாள் தனியாகக் கட்டுங்கள். இட நெருக்கடி என்று கூட்டத்தோடு விட்டவர்கள் பட்டிக்குள் ஆட்டுக்கொல்லி இப்படித்தான் நுழைந்தது.

7. மேய்ச்சல்: இரண்டு கடிகாரம்

வேலூர் வெயிலில் சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கே விட்டுப் பத்து மணிக்குத் திருப்புங்கள். மறுபடி நாலு மணிக்கு மேல். நடுப்பகலில் ஆடு மேயாது, புளிய மர நிழலில் இளைத்துக்கொண்டு நிற்கும், நடந்த நடைக்குச் சதைதான் கரையும்.

மழைக் காலத்தில் தலைகீழ். பனி காய்ந்து எட்டரை, ஒன்பது ஆன பிறகே விடுங்கள். புழுவின் இளம்பருவம் ஈரப் புல்லின் நுனிவரை ஏறி நிற்கும். வெயில் பட்டதும் அடித்தூருக்கு இறங்கிவிடும்.

தண்ணீரை நாளுக்கு இருமுறையாவது காட்டுங்கள். குட்டிக்குத் தாகம் இருந்தால் தீனி எடுக்காது. தேங்கிய குட்டை வேண்டாம், பட்டியிலேயே தொட்டி வையுங்கள்.

வெள்வேல், இலந்தை, வாகை, வேம்பு, கிளுவைத் தழை எல்லாம் நல்லது. சீமைக் கருவேலங்காயை விரும்பித் தின்னும், ஆனால் அதையே முழுத் தீனியாக விடாதீர்கள். அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி பக்கம் விடக் கூடாது. எல்லாவற்றிலும் கொடியது அறுத்த சோளக் கொல்லையில் தளிர்க்கும் மறுதாம்பு. வறட்சியில் வாடிய முழங்கால் உயரப் பயிரில் சயனைடு நஞ்சு ஏறியிருக்கும். பத்து நிமிடத்தில் மூச்சுத் திணறி விழும். உடனே மருத்துவர் வந்து ஹைப்போ (சோடியம் தயோசல்பேட்) ஊசி நரம்பில் போட்டால்தான் பிழைக்கும்.

காப்புக்காட்டுக்குள் வெள்ளாட்டை விட்டால் வனத்துறை பிடிக்கும். மலை அடிவாரத்தில் இருப்பவர்கள் எல்லைக்கல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகை கோடையில் வரும் ஆண்டுகளில் எடை ஏற்ற வேண்டிய மாதங்களில் கரட்டில் ஒன்றும் இருக்காது. மானாவாரிக் கடலை பிடுங்கும்போதே கொடியை வாங்கி, ஈரம் போகக் காயவைத்து, மழை படாமல் போர் போடுங்கள். காய்ந்த கடலைக்கொடிக்கு இணையான உலர்தீவனம் இந்தப் பக்கத்தில் இல்லை. அடுக்கும் முன் நடுவில் கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பூசண நாற்றம் வந்தாலோ பிரித்துக் காயவையுங்கள்.

8. தாது உப்பு

தாது உப்புக் கட்டியைக் குட்டியின் முகம் எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். மண், சுவர், ஒன்றின் மயிரை இன்னொன்று நக்குவது நின்றுவிடும். செம்மறிக்கு மாட்டுத் தாது உப்பைக் கொடுக்காதீர்கள். அதில் உள்ள தாமிரம் செம்மறிக்குக் கல்லீரல் நஞ்சு.

9. இப்போது தீவனம்

100 கிலோ கலவைக்கு உடைத்த மக்காச்சோளம் 40, கடலைப் புண்ணாக்கு 25, கோதுமைத் தவிடு 31, தாது உப்புக் கலவை 2, கால்சைட் என்னும் கால்சியத் தூள் 1, உப்பு 1. மாவாக அரைக்காதீர்கள், ரவையாக உடைத்தால் போதும். மாவு சீக்கிரம் புளிக்கும், மூக்கிலும் ஏறும். புண்ணாக்கை உடைத்து மோந்து பாருங்கள். பச்சைப் பூசணம் இருந்தால் மூட்டையோடு திருப்பிக் கொடுங்கள். அந்த நஞ்சு குட்டியைக் கொல்லாமலே வளர்ச்சியை நிறுத்திவிடும்.

முதல் நாள் குட்டிக்கு 50 கிராம். மூன்று நாளுக்கு ஒருமுறை 25, 30 கிராம் கூட்டி, இரண்டு வாரத்தில் உடல் எடையில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். 15 கிலோ குட்டிக்கு 150 முதல் 225 கிராம். வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் தழையைச் செரிக்கப் பழகியவை. தானியத்துக்கு மாற அவற்றுக்கு அவ்வளவு நாள் வேண்டும். மாலை மேய்ந்து வந்தபின், தண்ணீர் காட்டிவிட்டு வையுங்கள். காலையில் வைத்தால் மேயப் போகும் ஆர்வம் குறையும். எல்லாக் குட்டியும் ஒரே நேரத்தில் தலை வைக்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் முரட்டுக் கிடா மூன்று பங்கு தின்று வயிறு உப்பும், மெலிந்தது மெலிந்தே நிற்கும்.

கல்யாண மண்டபத்துச் சோறும் பிரியாணிக் கடை மீதியும் வேண்டவே வேண்டாம். இலவசம் என்று டிரம்மில் வாங்கி வந்து கொட்டுகிறார்கள். வெந்த அரிசி வயிற்றில் போனதும் வேகமாகப் புளித்து அமிலமாகும். குட்டி பல்லைக் கடிக்கும், வயிறு தொட்டால் தண்ணீர்ப் பைபோல ஆடும், கழியும், படுத்துவிடும். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். கல்யாண சீசனில் நம் பக்கத்தில் சாகும் ஆடுகளை எண்ணினால் மனசு ஆறாது.

கிடாக்களுக்கு, அதிலும் காயடித்தவற்றுக்கு, இன்னொரு ஆபத்து மூத்திரக் கல். தவிட்டிலும் தானியத்திலும் பாஸ்பரஸ் அதிகம். கால்சியம் அதைப்போல இரு மடங்கு இருந்தால்தான் கல் படியாது. கால்சைட் சேர்ப்பது அதற்குத்தான். தண்ணீர் குறைந்தாலும் கல் வரும். குட்டி முதுகை வளைத்து முக்குகிறது, சொட்டுச் சொட்டாகப் போகிறது, வாலை ஆட்டிக்கொண்டே நிற்கிறது என்றால் மலச்சிக்கல் என்று எண்ணெய் புகட்டிக் காலம் கடத்தாதீர்கள். அது மூத்திர அடைப்பு. ஒரு நாள் தாண்டினால் மூத்திரப் பை வெடித்துவிடலாம். பட்டியில் ஒன்றுக்கு வந்தால் மற்றவற்றுக்கு அம்மோனியம் குளோரைடு சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

காசுக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். நாளுக்கு 200 கிராம் வீதம் 90 நாளுக்கு 18 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் 540 ரூபாய். இதனால் நாளுக்கு 40 கிராம் கூடுதலாக ஏறினால் 3.6 கிலோ. உயிர் எடை கிலோ 350 ரூபாய்க்குப் போனால் 1,260. முதல் ஒரு மாத எடையிலேயே அந்தக் கூடுதல் தெரியவில்லை என்றால் தீவனத்தைக் கூட்டாதீர்கள், 5-ஆம் பகுதிக்குத் திரும்பிப் போங்கள்.

10. விற்பனை

கடைசியாகக் கொடுத்த ஒவ்வொரு மருந்துக்கும் எத்தனை நாள் கழித்துக் கறிக்கு விடலாம் என்று மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். அந்த நாள் தாண்டாத கிடாவைச் சந்தைக்கு ஏற்றாதீர்கள். விற்பனைக்கு முந்தின மாதம் புழு மருந்து கொடுக்கும் வேலையே வராதபடி திட்டமிடுவது நல்லது.

தரகர் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் முன் உங்கள் கையில் அன்று காலை எடை இருக்கட்டும். முதுகைத் தடவிப் பார்த்து "பன்னெண்டு கிலோ கறி தேறும்" என்பார். நாட்டு வெள்ளாட்டில் உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவே கறி தேறும் என்பதை வைத்து நீங்களும் ஒரு கணக்குச் சொல்லலாம்.

ஏற்றும் நாள் காலையில் தீவனம் வேண்டாம், தண்ணீரும் கொஞ்சம் கடலைக்கொடியும் போதும். விலை படியாமல் திரும்பும் கிடாவைச் சந்தையில் வாங்கிய புதுக் குட்டியாகவே நினைத்து, 21 நாள் தனியாகக் கட்டுங்கள்.